சிங்கம்புணரிக் கயிற்றுக் களம்: ஒரு வருஷம் புழங்கிப் பார்த்த பிறகு

போன மாசியில் எங்கள் வீட்டுக் கிடேரிக் கன்று நைலான் கயிற்றில் சிக்கிக்கொண்டது. ராத்திரி முளையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. விடியக்காலை நான் பால் கறக்கப் போனபோது கழுத்து இறுகி, முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தேன். உயிர் பிழைத்தது. ஆனால் கயிறு பதிந்த இடத்தில் தோல் கிழிந்து, நாலாம் நாள் புழு வைத்துவிட்டது. ஒன்பது நாள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். "கழுத்துல நைலானப் போடாதீங்கம்மா"ன்னு டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வீட்டுக்கு வேண்டிய கயிறு முழுவதையும் தன் கையால் திரித்தவர். கொல்லை வேலியில் நின்ற ரயில் கற்றாழையை அடித்து ஊறப்போட்டு எடுத்த வெள்ளை நார் ஒரு வேலைக்கு. ஆத்தி மரத்துப் பட்டையை உரித்து எடுத்த நார் கூரை கட்ட. பனைமட்டையைக் கிழித்து எடுத்த நார் கட்டிலுக்கு. மாட்டுக்கும் கிணற்றுக்கும் தென்னங்கயிறு. எந்த நார் எதற்கு என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. அவர் போன பிறகு எங்கள் தொழுவத்துக்கு நைலான் வந்தது. சந்தையில் மலிவாகக் கிடைத்தது, மழையில் நனைந்தாலும் மக்கவில்லை, நாங்களும் பழகிப்போனோம். அந்தக் கன்று கிடந்த கிடையைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு ஐயா ஞாபகம் வந்தது.

முதலில் போனில் ஆர்டர் போட்டு ஒரு கயிறு வாங்கினேன். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. 'சுத்தமான காயர் ரோப்' என்று போட்டிருந்தது. (அந்தக் காயர் மலையாளத்துக் கயர்தான். நம்ம கயிறு கடல் தாண்டிப் போய் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.) பழுப்பு நிறம், பார்க்க அழகாக இருந்தது. கையில் எடுத்ததும் சந்தேகம். தென்னை நாருக்கு உரிய சொரசொரப்பு மேலே மட்டும் இருந்தது. முனையைப் பிரித்தால் உள்ளே ஒரே சீராக, வழவழவென்று நீளமான இழை. தென்னை நார் ஒன்று ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண் இருக்கும், அதற்கு மேல் நீளம் கிடையாது. இது முழம் முழமாக வந்தது. தீக்குச்சி வைத்துப் பார்த்தேன். மேல் நார் கருகிச் சாம்பலானது, மட்டை எரிகிற வாசம். உள்ளே இருந்தது உருகி, சொட்டி, உருண்டையாகக் கெட்டிப்பட்டது. சாயம் ஏற்றிய பிளாஸ்டிக். திருப்பி அனுப்பினேன், பணம் வர இருபது நாள் ஆனது. நீங்கள் எங்கே வாங்கினாலும் இந்தத் தீக்குச்சிச் சோதனையைச் செய்யுங்கள். நார் என்றால் சாம்பல், பிளாஸ்டிக் என்றால் உருண்டை.

அப்புறம்தான் சிங்கம்புணரிக்குப் போனேன். எங்கள் ஊர் பிரான்மலை அடிவாரத்தில். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான், இத்தனை வருஷம் அந்த யோசனையே வரவில்லை. கோயில் தேர்களுக்கு வடம் திரித்துக் கொடுக்கிற ஊர் அது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே தொழுவத்தில் நைலான் கட்டியிருந்தேன்.

நான் வாங்கிய களத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தென்னந்தோப்பு ஓரத்தில் நீளமாக ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு பக்கம் உரிமட்டைக் குவியல், இன்னொரு பக்கம் மில்லில் அடித்து வந்த நார் வெயிலில் காய்கிறது. ஒரு குடும்பம் நடத்துகிறது. வேலைக்கு எட்டுப் பெண்கள். உள்ளே விட மாட்டார்களோ என்று தயங்கித்தான் நின்றேன். "வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டார் அந்த வீட்டு மருமகள். இந்தக் களத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான். கயிறு எப்படி உருவாகிறது என்பதை ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒளித்துவைக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ஒரு பெண் இடுப்பில் நார்ப்பொதியைக் கட்டிக்கொள்கிறார். கொஞ்சம் நாரை எடுத்து மோட்டாரில் சுற்றும் கொக்கியில் மாட்டுகிறார். கொக்கி சுற்றச் சுற்ற இவர் பின்னாலேயே நடக்கிறார். விரல்கள் பொதியில் இருந்து நாரை விட்டுக்கொண்டே போகின்றன. முறுக்கேறி வருகிற அந்த ஒற்றை இழைக்குப் புரி என்று பெயர். ஒரு கணம் அதிகமாக விட்டால் புரி தடித்துவிடும், குறைந்தால் ஒல்லியாகி அங்கேதான் நாளைக்கு அறும். அவர் கையைப் பார்ப்பதே இல்லை. கொட்டகையின் கடைசிவரை போய், திரும்பி வந்து, மறுபடி பின்னால் நடக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "எண்ணினா நடக்க முடியுமாக்கா?" என்றார்.

இப்படி வந்த புரிகளில் மூன்றைச் சேர்த்தால் கயிறு. ஒரு முனையில் மூன்றும் தனித்தனிக் கொக்கியில், மறுமுனையில் மூன்றும் ஒரே கொக்கியில். நடுவே மூன்று பள்ளம் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு மரக்கட்டை, பள்ளத்துக்கு ஒரு புரி. புரியை எந்தப் பக்கம் முறுக்கினார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் இப்போது முறுக்குகிறார்கள். கட்டை தானாக நகர்ந்து போக, அதன் பின்னால் கயிறு பிறந்துகொண்டே வருகிறது. புரி பிரிந்துகொள்ளப் பார்க்கும், கயிறு அதற்கு எதிராகப் பிரியப் பார்க்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒரு சாண் நீளமுள்ள நார் அறுபது அடிக் கயிறாக நிற்பதற்குப் பசையும் இல்லை, முடிச்சும் இல்லை, இந்த எதிர்முறுக்குதான். நூறு அடிப் புரி போட்டால் எழுபது, எழுபத்தைந்து அடிக் கயிறுதான் கிடைக்கும். மீதி நீளமெல்லாம் முறுக்கில் போய்விடும். விலை கேட்கும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு அப்பத்தா இருக்கிறார். மருமகளுடைய மாமனாருக்கு அம்மா. மோட்டார் வருவதற்கு முன்னால் ராட்டை சுற்றித் திரித்தவர். இப்போது உட்கார்ந்தபடி முனை கட்டுகிற வேலை மட்டும். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டு, "என்ன தாயி, திரிச்சுப் பாக்குறியா?" என்று ஒரு பிடி நாரைக் கையில் கொடுத்தார். தண்ணீர் தெளித்து, இரண்டு பங்காகப் பிரித்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் இரண்டையும் ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுபக்கம் விட வேண்டும். ஐயா செய்ததை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், என் கையால் செய்ததில்லை. ஒரு முழம் வந்ததும் பெருமையாக இழுத்துப் பார்த்தேன், நடுவில் கழன்று வந்துவிட்டது. அப்பத்தா வாங்கிப் பார்த்தார். "ரெண்டு புரிக்கும் ஒரே எடத்துல ஒட்டுப் போட்டிருக்கியே. ஒண்ணுல நாரு தீரும்போது இன்னொண்ணு முழுசா இருக்கணும். மாத்தி மாத்தி ஒட்டு." அப்படிச் செய்தேன். இரண்டாவது முழம் நின்றது. அந்தத் துண்டை இப்போதும் வீட்டில் உறி தொங்குகிற ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மூன்று விதமாகச் சொல்லிவைத்தேன். மாடுகளுக்கு நாலு தாம்பு, ஒன்று 70 ரூபாய். கிணற்றுக்கு மூன்று புரியில் பெருவிரல் தடிமனுக்கு 40 முழம், 480 ரூபாய். மாமாவின் கட்டிலுக்கு இரட்டைப் புரியில் ஒல்லிக் கயிறு, கிலோ 110 ரூபாய் வீதம் ஐந்து கிலோ. தாம்பு அன்றைக்கே கிடைத்தது. மற்றதற்கு ஒரு வாரம்.

தாம்பைப் பற்றி முதலில். தென்னங்கயிறு தடியாக இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், அதனால் முடிச்சு போட்ட இடத்திலேயே நிற்கும். நைலானில் நாம் போட்ட முடிச்சு வழுக்கி நகர்ந்து, வளையம் சுருக்காக மாறிவிடுகிறது. என் கன்றுக்கு நேர்ந்தது அதுதான். தென்னங்கயிறு இழுத்தால் கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். மாடு வெடுக்கென்று தலையை ஆட்டும்போது அந்த இழுப்பு கழுத்தில் அப்படியே இறங்காது. ஒரு வருஷத்தில் நாலு மாட்டில் ஒன்றின் கழுத்திலும் காய்ப்போ புண்ணோ வரவில்லை.

குறை என்ன? நாலில் இரண்டு தாம்பின் முனைக்கட்டு பத்தே நாளில் அவிழ்ந்து, முனை விளக்குமாறு மாதிரி விரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை பேசாமல் புதுசு இரண்டு கொடுத்தார்கள். புதுசுகளின் முனையை அப்பத்தா என் கண் முன்னாலேயே கட்டினார், அவை இன்றுவரை அப்படியே இருக்கின்றன. வாங்கும்போது முனையைப் பார்த்து வாங்குங்கள், அப்பத்தா கட்டியதா என்று கேட்டே வாங்குங்கள். இன்னொன்று, முளைப்பக்கம் எப்போதும் மூத்திரத்தில் ஊறுவதால் அந்த முனை எட்டாவது மாதத்தில் இற்றுப்போக ஆரம்பித்தது. இது களத்தின் தப்பில்லை, நாரின் குணம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முனையை மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச காலம் வரும். தாம்பு ஒரு வருஷச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக் கயிற்றில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 40 முழம் என்றால் 60 அடி என்று கணக்குப்போட்டு வீட்டுக்கு வந்து டேப் வைத்தால் 55 அடி. ஏமாற்று இல்லை. அளந்தது அப்பத்தா, அவர் முழம் சின்ன முழம். எங்கள் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் கீழே போகும்போது அந்த ஐந்து அடி இல்லாமல் கம்பத்தில் கட்டச் சிரமப்பட்டேன். அடுத்த தடவை போனபோது மருமகளிடம் சொன்னேன். இப்போது டேப் வைத்து அளக்கிறார்கள். நீங்களும் அடிக்கணக்கிலேயே கேளுங்கள்.

இன்னொன்றை அவர்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். புதுக் கயிற்றை நேராகக் கிணற்றில் இறக்கினேன். மறுநாள் வாளியில் வந்த தண்ணீர் டீத்தண்ணி நிறம். தென்னை நாரில் இருக்கிற துவர்ப்பு இறங்குகிறது. கெடுதல் இல்லை, ஆனால் ஒரு வாரம் சமையலுக்கு வேறு தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. தொட்டியில் போட்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, பிறகு இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். அப்போது சாயமும் போய்விடும், கயிறு நீள வேண்டியதெல்லாம் நீண்டு முறுக்கும் படிந்துவிடும். இதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

இவ்வளவு சொன்னாலும் அந்தக் கிணற்றுக் கயிறுதான் மூன்றிலும் எனக்குப் பிடித்தது. ஈரக் கையில் நைலான் வழுக்கும், வேகமாக ஓடினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். இது கையில் நிற்கிறது. என் மகள் பன்னிரண்டு வயதுக்காரி, நைலானில் பாதி வாளிதான் இழுப்பாள், இதில் முழு வாளி இழுக்கிறாள். தினம் நனைந்து தினம் காய்ந்தும் ஒரு வருஷத்தில் ஒரு புரிகூட அறவில்லை. பருத்திக் கயிறாக இருந்தால் இதற்குள் இற்றிருக்கும். தென்னை நாரில் மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் பருத்தியைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. உப்புத் தண்ணீரையே தாங்குகிற நார் இது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பலில் வந்த ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகுகளில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தக் கடலைத் தாங்கிய நாருக்கு எங்கள் கிணறு ஒன்றும் பெரிசில்லை.

கட்டில் விஷயத்தில் கயிற்றைவிடச் சேவையைத்தான் பாராட்ட வேண்டும். களத்தில் சொன்னால் கட்டில் பின்னுகிற பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூலி 600 ரூபாய், மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். மாமாவுக்கு முதுகுவலி. நைலான் பட்டைக் கட்டில் நடுவில் குழிந்து போய், எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பெரியவர் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் காலால் உதைத்து இறுக்கி, நாலு மணிக்கு முடித்தார். கால்மாட்டில் ஒரு சாண் இடம் விட்டு, அங்கே தனிக்கயிறு கோத்திருக்கிறார். குழி விழுந்தால் பின்னலைத் தொடவே வேண்டாம், கால்மாட்டுக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் போதும். இதுவரை இரண்டு தடவை நானே இறுக்கினேன். மாமா முதல் நாள் படுத்து எழுந்து, "எங்கப்பா கட்டில்ல படுத்த மாதிரி இருக்குத்தா" என்றார். அதிகம் பேசுகிறவர் இல்லை அவர். நார் வெற்றுடம்பில் குத்தும், மேலே ஒரு போர்வை வேண்டும். மூட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க வாரம் ஒரு தடவை வெயிலில் நிறுத்துகிறேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால் நைலான்தான் பலம். வைக்கோல் ஏற்றின டிராக்டரில் பாரம் கட்ட நான் இன்னமும் நைலான்தான் எடுக்கிறேன். அங்கே கயிறு அறுந்தால் ஆளுக்கு ஆபத்து. உயிர் படுகிற இடத்தில், கையோ கழுத்தோ முதுகோ படுகிற இடத்தில், தென்னங்கயிறு.

களத்தைப் பற்றி என் மனசில் கிடக்கிற இன்னொரு குறையும் உண்டு. நார்த்தூசு கொட்டகை முழுக்கப் பறக்கிறது. எட்டுப் பெண்களில் இரண்டு பேர்தான் முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டே நடக்கிறார்கள். பின்னால் நடந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐயாவின் கை மாதிரியே இருந்தது, மாட்டுக் குளம்பு கெட்டி. மருமகளிடம் நேராகவே சொன்னேன், காற்றுப் போக ஒரு பக்கத் தட்டியை எடுத்துவிடுங்கள், எல்லாருக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள் என்று. தட்டியை எடுத்துவிட்டார்கள். முகக்கவசம் வாங்கியும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் புழுக்கத்தில் யாரும் போடுவதில்லை. 70 ரூபாய்த் தாம்பை 50-க்குக் கேட்கிறவர்களை அங்கே நானே பார்த்தேன். அந்த இருபது ரூபாய் யாருடைய நடையில் இருந்து குறையும் என்று யோசித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாதீர்கள். நார் காயாது, களம் பாதி நாள் மூடியிருக்கும், அப்போது திரித்த கயிறு காய்ந்ததும் முறுக்குத் தளரும். பில் கிடையாது, நோட்டில் எழுதித் துண்டுச்சீட்டு தருவார்கள். கயிற்றைக் கையில் வாங்கியதும் நடுவில் ஓரிடத்தில் புரியை லேசாகப் பிரித்துவிட்டுப் பாருங்கள், விட்டவுடன் பழையபடி மூடிக்கொள்ள வேண்டும். அரை அடி வளையமாக வளைத்தால் தானாகப் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளக் கூடாது, அப்படிச் சுருண்டால் முறுக்கு அதிகம். இரண்டு சோதனையையும் அவர்களே செய்து காட்டுகிறார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குப் புதுக்கயிறு மாற்றுகிறவர்கள் கார்த்திகை முடிவிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். நான் மார்கழி இருபதுக்கு மேல் போனேன், தாம்பு ஒன்றுகூட மிச்சமில்லை. நான் முகம் வாடி நின்றதைப் பார்த்துவிட்டு அப்பத்தா, "அந்தக் கன்னுக்குட்டிக்குத்தானே?" என்று கேட்டு, தன் வீட்டுத் தொழுவத்துக்கு எடுத்துவைத்திருந்ததில் ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். புண் ஆறிய இடத்தில் இப்போது வெள்ளை முடி முளைத்திருக்கிறது. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அப்பத்தாவின் தாம்பு.